கானை ரசித்தவர்களில் ஒருவருக்கு மட்டும் தண்டனை

ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்க விண்வெளிக் கதைத் தொடர்களை இன்று எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கும், அடுத்து எதை எடுக்கலாம் என்று முடிவு செய்யும் அதன் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் புகழ்பெற்ற வில்லன் கான் நூனியன் சிங்கை நீங்கள் லேசில் விடப்போவதில்லை என்று எங்களுக்கு நன்றாகவே தெரியும். 1967-இல் ஓர் எபிசோடு. 1982-இல் ஒரு படம். 2013-இல் மறுபடியும் ஒரு படம். 2022-இல் தொடங்கிய ‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்’ தொடரில் அவன் வம்சத்தில் வந்த லான் என்ற பாதுகாப்பு அதிகாரி. 2025-இல் அவனுக்கென்றே ஓர் ஒலித்தொடர். கிட்டத்தட்ட அறுபது வருடமாக இந்த ஆள் உறைபெட்டியிலிருந்து எழுந்து எழுந்து வந்துகொண்டே இருக்கிறான். இனியும் வருவான். அதனால்தான் இந்தக் கடிதம்.

அவன் வரும்போதெல்லாம் ரசிகர்களிடையே நடக்கும் சண்டை ஒன்றுதான்: கானாக யார் நடிப்பது? அந்தச் சண்டையில் எனக்கும் ஒரு கட்சி உண்டு. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் நான் பேச நினைப்பது எல்லாவற்றுக்கும் ஆரம்பமான ‘ஸ்பேஸ் சீட்’ எபிசோடைப் பற்றி. 1967 பிப்ரவரி 16 அன்று அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் முதல்முறை ஒளிபரப்பானது. முதல் சீசனின் சிறந்த எபிசோடுகளைப் பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் இதை விடுவதில்லை. விறுவிறுப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுவில் ஒரு காட்சி வருகிறது, கடைசியில் ஒரு தீர்ப்பு வருகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எபிசோடு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதை நீங்கள் இன்னும் நேருக்கு நேர் பேசவில்லை என்பதுதான் என் புகார்.

கதை தெரியாத யாராவது இதைப் படித்தால், அவர்களுக்காகச் சுருக்கமாக: விண்வெளியில் அநாதையாக மிதக்கும் பழைய கப்பல் ஒன்று எண்டர்பிரைஸ் விண்கப்பலின் கண்ணில் படுகிறது. பெயர் பாட்டனி பே. உள்ளே எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் நெடுந்தூக்கத்தில் கிடக்கிறார்கள். முதலில் கண் விழிப்பவன் கான். இந்தக் கதைப்படி 1990-களில் யூஜெனிக்ஸ் (இனமேம்பாட்டுக் கொள்கை) போர்கள் நடந்தன. மனித இனத்தை ‘மேம்படுத்துகிறோம்’ என்று பொறுக்கி எடுத்து உருவாக்கப்பட்டவர்கள் நாடுகளைப் பிடித்து ஆண்டார்கள். அவர்களிலேயே பெரிய ஆள் இவன் என்பதெல்லாம் பிறகுதான் தெரியவருகிறது. எண்டர்பிரைஸின் வரலாற்று அதிகாரி லெஃப்டினன்ட் மார்லா மெக்கைவர்ஸ் அவனிடம் மயங்குகிறார். அவர் துணையோடு கான் கப்பலைப் பிடிக்கிறான். பிறகு அதே மார்லாவால் கேப்டன் கர்க் உயிர் பிழைக்கிறார், கப்பல் மீள்கிறது. கடைசியில் கானையும் கூட்டத்தையும் சீட்டி ஆல்ஃபா 5 என்ற கிரகத்தில் இறக்கிவிட்டு எண்டர்பிரைஸ் தன் வழியே போகிறது.

கானாக நடித்த ரிக்கார்டோ மோன்டல்பான் மட்டும் இல்லையென்றால் இந்தக் கதையை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள். குரலை உயர்த்தாமலே அறையைத் தன் வசப்படுத்தும் நடிப்பு. கண் விழித்ததும் கப்பல் டாக்டர் மெக்காயின் கழுத்தில் கத்தியை வைக்கிறான் கான். மெக்காய் அசராமல், இடது காதுக்குக் கீழே ஓடும் ரத்தக்குழாயை அறுத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று இடம் காட்டிக்கொடுக்கிறார். இப்படி எழுதத் தெரிந்தவர்கள்தான் அடுத்து நான் சொல்லப்போகும் காட்சியையும் எழுதினார்கள்.

கான் யாரென்று உறுதியானதும் அதிகாரிகள் ஆலோசனை அறையில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். கர்க்கின் துணை அதிகாரி ஸ்பாக் குறிப்பை வாசிக்கிறார். 1992 முதல் 1996 வரை, ஆசியாவிலிருந்து மத்திய கிழக்கு வரை, உலகத்தில் கால் பங்குக்கு மேல் தனி ஆளாக ஆண்டவன். தலைமை என்ஜினியர் ஸ்காட்டி கொஞ்சம் வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்கிறார்: இந்த ஆள்மேல் தனக்கு எப்போதுமே உள்ளூர ஒரு மரியாதை உண்டாம். கர்க்கும் சேர்ந்துகொள்கிறார். கொடுங்கோலர்களிலேயே சிறந்தவன் இவன்தான், ஆபத்தானவனும் இவன்தான் என்கிறார். அந்தக் கூட்டமே நம்மைவிட வலிமையானது, தைரியமானது, துணிச்சலானது என்கிறார். அவன் ஆட்சியில் படுகொலைகள் நடக்கவில்லை என்று ஸ்காட்டி சான்றிதழ் தருகிறார். யாரும் தாக்காதவரை அவனாகப் போருக்குப் போகவில்லை என்று மெக்காய் தன் பங்குக்குச் சேர்க்கிறார். சுதந்திரமும் அதே அளவுக்குத்தான் இருந்தது என்று ஸ்பாக் ஒரே வரியில் சொல்லிப் பார்க்கிறார். யார் கேட்கிறார்கள்? ஒருவனை எதிர்த்துக்கொண்டே ரசிக்கவும் எங்களால் முடியும் என்று கர்க் சிரித்தபடி முடித்துவைக்கிறார். தர்க்கத்துக்கு ஒவ்வாதது என்கிறார் ஸ்பாக். முழுக்க முழுக்க என்கிறார் கர்க். பேச்சு முடிந்தது.

எங்கள் ஊரில் இது ரொம்பப் பழகிய காட்சி. ‘ஒரு சர்வாதிகாரி வந்தால்தான் இந்த நாடு உருப்படும்’ என்று டீக்கடை பெஞ்சிலோ கல்யாண வீட்டுத் திண்ணையிலோ யாராவது சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள். 1975-77 அவசர நிலைக் காலத்தைப் பற்றிக் கேட்டால் சில பெரியவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது, அப்போது ரயில் நேரத்துக்கு வந்தது, ஆபீஸில் ஆட்கள் நேரத்துக்கு இருந்தார்கள் என்பது. அதே மாதங்களில் வட இந்தியாவில் ஏழைகளைப் பிடித்துக்கொண்டுபோய்க் கட்டாயக் கருத்தடை செய்தார்கள். அது அவர்கள் பேச்சில் இரண்டாவதாக வரும், இல்லையென்றால் வராமலே போகும். கானை நீங்கள் வட இந்தியாவிலிருந்து வந்தவனாக எழுதி எட்டு ஒன்பது வருடத்துக்குள் அங்கே நடந்தது இது. உங்கள் ஆட்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லைதான்.

ஆனால் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று இருந்தது. தெரிந்துகொள்ள எண்டர்பிரைஸ் செட்டைவிட்டுத் தொலைதூரம் போகவேண்டிய தேவையும் இருக்கவில்லை. கலிஃபோர்னியாவில் 1909-இலேயே கட்டாயக் கருத்தடைச் சட்டம் வந்துவிட்டது. மனநலம் குன்றியவர்கள், ‘தகுதியற்றவர்கள்’ என்று அரசு நிறுவனங்கள் முத்திரை குத்திய சுமார் 20,000 பேருக்கு அந்த மாநிலத்தில் அறுவை நடந்தது. அமெரிக்காவில் வேறு எந்த மாநிலத்திலும் இத்தனை பேருக்கு நடக்கவில்லை. 1933-இல் நாஜி ஜெர்மனி தன் கருத்தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது கலிஃபோர்னியாவின் அனுபவத்தையும் பார்த்துப் படித்தது. அந்த மாநிலம் தன் சட்டத்தை நீக்கியது 1979-இல். அதாவது லாஸ் ஏஞ்சலிஸில் டெசிலு ஸ்டூடியோவில் ‘ஸ்பேஸ் சீட்’ படமானபோது அந்தச் சட்டம் உயிரோடு இருந்தது.

அந்த எபிசோடு யூஜெனிக்ஸைப் பற்றி என்ன சொல்கிறது? அது பலித்தது என்கிறது. கானின் இதயத்துக்கு இரண்டு மடங்கு சக்தி, நுரையீரலின் திறன் ஐம்பது சதவீதம் அதிகம் என்று மெக்காய் கருவியைப் பார்த்து வியக்கிறார். உன்னைவிட ஐந்து மடங்கு வலிமை எனக்கு என்று கான் கர்க்கிடம் சண்டை நடுவில் சொல்கிறான். (அப்படிப்பட்டவனைக் கர்க் எஞ்சின் அறையில் ஒரு தடியைப் பிடுங்கி அடித்து வீழ்த்துகிறார். அந்தக் காலத்துத் தொலைக்காட்சி அப்படித்தான், மன்னித்துவிடலாம்.) என்னதான் கோளாறு நடந்தது என்ற கேள்விக்கு ஸ்பாக்கின் பதில்: மேலான திறமை மேலான பேராசையைப் பெற்றெடுக்கும். இதன்படி பார்த்தால் விஞ்ஞானம் சரி, சரக்கு முதல் தரம், கொஞ்சம் ஆணவம் மட்டும் கூடிப்போயிற்று. தரம் பிரிப்பதே பொய், மனிதர்களை மேல் கீழ் என்று அடுக்கும் அந்தப் பட்டியலே மோசடி என்று சொல்ல அந்தக் கதையில் யாரும் இல்லை.

நிஜத்தில் யூஜெனிக்ஸ் எந்த மாமனிதனையும் உருவாக்கவில்லை. குனிந்து கோப்பு எழுதும் அதிகாரிகளையும், கையெழுத்து வாங்கும் டாக்டர்களையும்தான் உருவாக்கியது. கலிஃபோர்னியாவில் அந்த அறுவைக்கு ஆளானவர்களில் மெக்சிகோ வம்சாவளியினர் அவர்கள் எண்ணிக்கைக்கு மீறிய பங்கில் இருந்தார்கள். மாநிலச் சட்டத்தோடு விஷயம் நிற்கவும் இல்லை. 1960-களின் இறுதியிலும் 70-களின் தொடக்கத்திலும் லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டியின் பொது மருத்துவமனையில் பிரசவத்துக்கு வந்த மெக்சிகோ வம்சாவளித் தாய்மார்களிடம், வலியில் துடித்துக்கொண்டிருக்கும்போதே, சரியாகப் புரியாத ஆங்கிலப் படிவங்களில் கையெழுத்து வாங்கிக் கருத்தடை செய்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பத்துப் பெண்கள் 1975-இல் வழக்குப் போட்டார்கள். மாட்ரிகல் எதிர் குவிலிகன் என்பது வழக்கின் பெயர். 1978-இல் நீதிபதி டாக்டர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

மோன்டல்பான் மெக்சிகோ நகரத்தில் பிறந்தவர். யூஜெனிக்ஸின் உச்சப் படைப்பாக அவர் நெஞ்சை நிமிர்த்தி நின்று நடித்த அதே ஊரில், ஏறக்குறைய அதே வருடங்களில், அவர் நாட்டுப் பெண்களுக்கு உண்மையான யூஜெனிக்ஸின் மிச்சம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு அந்த எபிசோடைப் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. அவர்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. 1970-இல் ‘நோசோத்ரோஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கி, ஹாலிவுட் லத்தீன் அமெரிக்கர்களைக் காட்டும் விதத்தை மாற்றப் போராடியவர் அவர்.

சரி, அந்த மேஜைக்குத் திரும்புவோம். ‘அந்தக் காலம் அப்படி, 1967-இன் தொலைக்காட்சியிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா’ என்று நீங்கள் கேட்கலாம். எதிர்பார்க்கலாம். ஏனென்றால் அதே சீசனில், பத்து வாரங்களுக்கு முன்னால், 1966 டிசம்பர் 8 அன்று ‘தி கான்ஷன்ஸ் ஆஃப் தி கிங்’ என்ற எபிசோடு வந்திருந்தது. டார்சஸ் 4 என்ற குடியேற்றத்தில் உணவுப் பஞ்சம் வருகிறது. ஆளுநர் கோடோஸ் எட்டாயிரம் பேரில் நான்காயிரம் பேரைக் கொல்ல உத்தரவிடுகிறான். யார் வாழலாம், யார் சாகலாம் என்று பிரித்ததற்கு அவன் வைத்திருந்த அளவுகோல் அவனுடைய சொந்த யூஜெனிக்ஸ் கொள்கை. எபிசோடே இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. அந்தக் கோடோஸை நேரில் பார்த்து உயிர் பிழைத்த ஒன்பது சாட்சிகளில் ஒருவர் ஜேம்ஸ் கர்க்.

சிறு வயதில் யூஜெனிக்ஸ் படுகொலையைக் கண்ணால் பார்த்த மனிதர், பத்து வாரம் கழித்து யூஜெனிக்ஸ் கொடுங்கோலனைப் பற்றிப் பேச்சு வந்ததும், சிறந்தவன் என்று சிரிக்கிறார். ஓர் எபிசோடில் நடந்தது அடுத்த எபிசோடில் யாருக்கும் நினைவிருக்காது என்பது அன்றைய தொடர்களின் வழக்கம்தான். ஆனால் உங்கள் இன்றைய தொடர்கள் அப்படி எழுதப்படுவதில்லை. பழைய எபிசோடில் ஓரமாக நின்ற ஒருவரின் பெயரைக்கூட எடுத்துத் தனிக் கதை செய்கிறீர்கள். கர்க்கின் இந்த இரண்டு முகங்கள் மட்டும் ஏன் உங்கள் கண்ணில் படவில்லை?

இன்னொன்றும் உண்டு. ‘ஸ்பேஸ் சீட்’ வந்து சரியாக ஒரு வருடம் கழித்து, 1968 பிப்ரவரி 16 அன்று, ‘பேட்டர்ன்ஸ் ஆஃப் ஃபோர்ஸ்’ வந்தது. ஜான் கில் என்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒரு கிரகத்தைச் சீர்படுத்த நாஜி ஆட்சிமுறையைக் கொண்டுபோய்ப் புகுத்துகிறார், கொடுமையைக் கழித்துவிட்டுத் திறமையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில். முடியாது என்பதுதான் கதை. கானின் மேஜையில் பேசிய பேச்சுக்கு அந்தத் தொடரே பிறகு கொடுத்த பதிலாக இதை எடுத்துக்கொள்ளலாம். ஆக, அன்றைக்கு யாருக்கும் தெரியாத ஞானத்தை நான் கேட்கவில்லை. அதே கட்டடத்தில் பக்கத்து அறையில் இருந்ததைத்தான் கேட்கிறேன்.

இப்போது மார்லா.

அவருக்கு எபிசோடில் கிடைக்கும் அறிமுகமே ஓர் அவமரியாதை. பழைய கப்பலை ஆராயப் போகும்போது, நம் வரலாற்று அதிகாரிக்கும் ஒரு வேலை கிடைத்தது என்கிறார் கர்க். கூடவே, அவர் பெயர் என்ன என்று தப்பாக ஒரு பெயரைச் சொல்கிறார். ஸ்பாக் திருத்துகிறார். அங்கே கானைப் பார்த்து மார்லா ஒரு கணம் அசந்துபோய் நின்றதற்காகக் கர்க் அவரைத் தனியே கூப்பிட்டுக் கண்டிக்கிறார். அவன் உன்னைத் தனிப்பட்ட முறையில் கவர்ந்துவிட்டான் என்கிறார். அந்தக் காலத்து ஆண்கள் இன்னும் துணிச்சலானவர்கள், வண்ணமயமானவர்கள், அப்படித்தானே என்று குத்துகிறார். ஆமாம் என்று நினைக்கிறேன் என்கிறார் மார்லா. நல்லது, நேர்மை இருந்தால் தவறை மன்னிப்பது சுலபம் என்கிறார் கர்க்.

கொஞ்ச நேரம் கழித்து ஆலோசனை அறையில் கர்க் சொன்னதை மறுபடி பாருங்கள். வலிமையானவர்கள், தைரியமானவர்கள், துணிச்சலானவர்கள். மார்லாவைக் குத்திய அதே வார்த்தைகள், கிட்டத்தட்ட. அவர் சொன்னால் அது பலவீனம், கப்பலுக்கே ஆபத்து. கேப்டன் சொன்னால் அது மனித இயல்பு, சிரித்துவிட்டுப் போகலாம். மார்லாவிடம் சொன்னதை ஸ்காட்டியிடம் யாரும் சொல்லவில்லை. ஆமாம், மார்லா அதற்கு மேலும் போனார், கானுக்குத் துணைபோனார், அது குற்றம்தான். ஆனால் கப்பலின் தொழில்நுட்பக் கையேடுகளைப் படிக்கலாமா என்று கான் படுக்கையிலிருந்து கேட்டபோது, யார் என்றே தெரியாத அந்த அந்நியனுக்குத் தாராளமாகப் படி என்று திரையைக் காட்டியவர் கர்க். கப்பலைப் பிடிக்க உதவியதில் எது பெரிய உதவி என்று எந்த என்ஜினியரையும் கேட்டுப்பாருங்கள்.

கான் மார்லாவை எப்படி வசப்படுத்துகிறான் என்பதும் பார்க்கச் சங்கடமானது. அவருடைய கூந்தல் அலங்காரத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றுகிறான். கையைப் பிடித்து நசுக்கி மண்டியிட வைக்கிறான். போவதென்றால் போ, இருப்பதென்றால் கெஞ்சிக் கேள் என்கிறான். கப்பலைப் பிடிக்கப்போகிறேன், சம்மதமா என்று வலியோடு சத்தியம் வாங்குகிறான். பின்னணியில் காதல் இசை. எழுதியவர்களுக்கு இது மையல். இன்று யாரும் இதற்கு வேறு பெயர் வைப்பார்கள். இதே ஆள்தான் படுகொலை செய்யாதவன் என்று பெயர் வாங்கியவன். அவன் கட்டுப்பாட்டில் கப்பல் வந்ததும், காற்றழுத்தத்தை மெல்ல மெல்லக் குறைக்கும் அறைக்குள் கர்க்கை அடைத்துச் சாகடிக்கப் பார்க்கிறான், அதிகாரிகள் அதைத் திரையில் பார்க்கவேண்டும் என்று ஏற்பாடும் செய்கிறான். திரையைப் போட மறுக்கும் தகவல்தொடர்பு அதிகாரி ஊராவைக் கானின் ஆள் கன்னத்தில் அறைகிறான். ஆலோசனை அறையில் ஸ்பாக் சொன்னது சரி என்று நிரூபணம் ஆகிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அவரிடம் யாரும் வந்து, நீ சொன்னது சரிதான் என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை.

அந்த அறையைத் திறந்து கர்க்கைக் காப்பாற்றுகிறவர் மார்லா. அவர் இல்லையென்றால் கேப்டன் இல்லை, அடுத்துக் கொண்டுவரப்பட்ட ஸ்பாக்கும் இல்லை, இத்தனை வருடத் தொடர்களும் இல்லை.

பிறகு விசாரணை. கர்க் நீதிபதி இடத்தில் உட்காருகிறார். கானின் மீதுள்ள எல்லாக் குற்றச்சாட்டுகளையும் கைவிடுகிறேன் என்று அறிவிக்கிறார். கப்பல் கடத்தல், சித்திரவதை, கொலை முயற்சி, எல்லாம் ரத்து. இவ்வளவு திறமைசாலிகளைச் சீர்திருத்த மையத்தில் போட்டு வீணாக்கலாமா என்ற கவலை அவருக்கு. மார்லாவுக்கு மட்டும் இரண்டு வழி தருகிறார்: ராணுவ விசாரணை, இல்லையென்றால் கானோடு அந்தக் காட்டுக் கிரகத்துக்குப் போ. கை நசுக்கியவனோடு போவதா, சிறையா என்று தன் உயிரைக் காப்பாற்றிய பெண்ணிடம் கேட்கிறார். கான் பெருந்தன்மையாக, மேலான பெண் இவள், கூட்டிப்போகிறேன் என்கிறான். ஒரே வியாதி, கப்பலில் பாதிப் பேருக்கு. மருந்து குடித்தவர் ஒருவர்.

அதோடு விட்டார்களா? ஆங்கிலக் கவிஞர் மில்டனைப் படித்திருக்கிறாயா என்று கர்க்கிடம் கேட்டுவிட்டுக் கான் கம்பீரமாக விடைபெறுகிறான். பாட்டனி பே என்ற பெயருக்கும் ஒரு விளக்கம் வருகிறது: ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர்கள் ஒரு கண்டத்தையே பழக்கி எடுத்தார்கள், உன்னால் ஓர் உலகத்தைப் பழக்க முடியுமா என்று கானிடம் கேட்கிறார் கர்க். அந்தக் கண்டத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் இந்த உரையாடலில் இல்லை. இதைப் பற்றியே தனிக் கடிதம் எழுதலாம்.

கட்சியைச் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். மார்லா கானைப் பார்த்ததும், வட இந்தியா பக்கம், ஒருவேளை சீக்கியனாக இருக்கலாம், அவர்கள் பிரமாதமான போர்வீரர்கள் என்கிறார். தலைப்பாகை இல்லை, தாடி இல்லை, பெயரில் கானும் சிங்கும் சேர்ந்து இருக்கிறது. எபிசோடில் தலைப்பாகையோடு அவனைப் பார்க்க முடிவது மார்லா வரையும் ஓவியத்தில் மட்டும்தான். திரைக்கதையின் ஆரம்ப வரைவுகளில் அவன் நார்டிக் பெயர் கொண்ட வெள்ளைக்காரனாக இருந்தான். பிறகுதான் ஆளும் பெயரும் மாறின. ஒரு விதத்தில் அந்த மாற்றம் தைரியமானது, உயர்ந்த மனிதன் என்றால் பொன்னிறத் தலைமுடி என்ற நாஜிக் கற்பனையை உடைத்தது. இன்னொரு விதத்தில், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்ந்த ஒரு கொள்கையின் பாவமூட்டையை ஆசியாக்காரன் ஒருவனின் தலையில் ஏற்றியது. 2013-இல் வெள்ளைக்கார ஆங்கில நடிகர் பெனடிக்ட் கம்பர்பாட்சைப் போட்டு நீங்கள் எந்தப் பக்கமும் சேராமல் நின்றீர்கள். 2025 ஒலித்தொடரில் இந்திய வம்சாவளி நடிகர் நவீன் ஆண்ட்ரூஸ் குரல் கொடுத்தார், நல்லது, தாமதமானாலும் நல்லது. ஆனால் யார் நடித்தாலும் அந்த மேஜையில் பேசிய பேச்சு மாறாது. அதனால்தான் இதை இவ்வளவு சீக்கிரம் கடந்துபோகிறேன்.

பிறகு வந்தவற்றில் நீங்கள் சரிசெய்யப் பார்த்தவையும் உண்டு. 1982 படத்தில் கர்க்கைப் பற்றிக் கான் மற்ற அதிகாரிகளிடம் கேட்பது நியாயமான கேள்வி: எங்களை இறக்கிவிட்டுப் போனவர், ஒருமுறையாவது வந்து பார்த்தாரா? பக்கத்துக் கிரகம் வெடித்து, சீட்டி ஆல்ஃபா 5 பாலைவனமாகி, பதினைந்து வருடம் யாரும் எட்டிப்பார்க்கவில்லை. ஆனால் மார்லா அந்தப் படத்தில் பெயர்கூட இல்லாத ‘என் அன்பு மனைவி’. செத்துப்போனவர். கானின் கோபத்துக்கு விறகு. கர்க்குக்கு அவர் ஞாபகம்கூட வருவதாகத் தெரியவில்லை. ஒலித்தொடரில்தான், நாற்பத்து மூன்று வருடம் கழித்து, அவருக்கு ரென் ஷ்மிட்டின் குரலில் பேச வாய்ப்புக் கிடைத்தது. அதற்கு நன்றி. ஆனாலும் அது கிரகத்தில் இறங்கிய பிறகு நடக்கும் கதை. அவரை அங்கே அனுப்பிய தீர்ப்பு இன்னும் அப்படியே நிற்கிறது.

அந்தக் கானைக் காரணம் காட்டி நீங்கள் உண்டாக்கிய சட்டம் ஒன்று இருக்கிறது. மரபணு மாற்றம் செய்யப்பட்டவர்கள், ஃபெடரேஷன் என்ற கிரகங்களின் கூட்டமைப்பின் விண்படையான ஸ்டார்ஃப்ளீட்டில் சேரக் கூடாது. 1997-இல் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரின் டாக்டர் பஷீர் சிறு வயதில் மாற்றப்பட்டவர் என்று தெரியவந்தபோது, அவர் வேலையைக் காப்பாற்ற அவர் அப்பா சிறைக்குப் போகவேண்டியிருந்தது. 2023-இல் ‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்’ தொடரின் உனா சின்-ரைலி அதே சட்டத்துக்காக விசாரணைக் கூண்டில் நின்றார். பிறப்பை வைத்து ஒருவரைத் தகுதியானவர், தகுதியற்றவர் என்று பிரிப்பதுதான் யூஜெனிக்ஸ். யூஜெனிக்ஸைத் தடுக்கிறோம் என்று உங்கள் ஃபெடரேஷன் செய்வதும் அதையேதான், பட்டியலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு. உனாவின் எபிசோடு இதைக் கிட்டத்தட்டப் பிடித்துவிட்டது. அதே வருடம் லான் காலத்தில் பின்னால் போய்ச் சிறுவன் கானைச் சந்திக்கும் எபிசோடும் மனத்தில் நின்றது. பிறந்த பாவத்துக்காக ஒரு குழந்தையைக் கொல்ல அவர் மறுக்கிறார். உங்களால் முடியும் என்பதற்கு இவை சாட்சி.

ஆனால் இவை எல்லாம் கான் என்ன, அவன் ரத்தம் என்ன என்ற கேள்வியைச் சுற்றியே வருகின்றன. அவனைச் சுற்றி உட்கார்ந்து ரசித்தவர்களை நீங்கள் இன்னும் தொடவில்லை. வறுமை ஒழிந்து, போர் ஒழிந்து, நல்லவர்களாகவே தேறிய மனிதர்கள், வரலாறு படித்த அதிகாரிகள், இருநூறு வருடத்துக்கு முந்தைய சர்வாதிகாரியைப் பற்றிப் பேச்சு வந்ததும் ஏன் கண் மின்னுகிறார்கள்? அந்தக் கேள்வி ‘ஸ்பேஸ் சீட்’டில் தானாக வந்து விழுந்தது, பிடிக்க ஆள் இல்லை. இன்றைக்கு உலகத்தில் எத்தனை நாடுகளில் மக்கள் வரிசையில் நின்று வாக்குப் போட்டு அந்த மேஜையின் பேச்சைப் பேசுகிறார்கள் என்று பார்த்தால், கானின் இன்னொரு சிறு வயதுக் கதையைவிட இது அவசரமான கதை என்று படுகிறது.

‘ஸ்பேஸ் சீட்’டை வெட்டவோ, எச்சரிக்கை வாசகம் போட்டு ஒளிக்கவோ நான் கேட்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும், ஆலோசனை அறைப் பேச்சு ஒரு வார்த்தை குறையாமல் இருக்கட்டும். நான் கேட்பது ஒரே ஓர் எபிசோடு. உனாவுக்கு ஒரு நல்ல வக்கீலைக் கொடுத்தீர்கள் அல்லவா, அதுபோல மார்லா மெக்கைவர்ஸுக்கும் ஒருவரைக் கொடுங்கள். கர்க் முன்வைத்த இரண்டு வழிகளில் மார்லா முதல் வழியைக் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எழுதுங்கள். ராணுவ விசாரணை நடக்கட்டும். கையேடுகளைத் திறந்துவிட்டது யார் என்ற கேள்வி பதிவாகட்டும். டார்சஸ் 4-இல் என்ன பார்த்தீர்கள் என்று கேப்டனைச் சத்தியம் வாங்கிக் கேட்கட்டும். முதல் சாட்சியாக ஸ்காட்டியைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் எண்டர்பிரைஸை எண்பதுகளில் தூர்தர்ஷன் வழியாகத் தெரிந்துகொண்ட ஒரு பழைய ரசிகன்